மீண்டும் காண்பதா, விடை கொடுப்பதா?

இளமையில் நாம் நேசித்த ஒரு நூலையோ திரைப்படத்தையோ முதிர்ந்த வயதில் மீண்டும் அணுகுவது எளிய செயலன்று. பல்லாண்டுகளுக்குப் பின் சொந்த ஊர் திரும்புகிறவன் தெருமுனையில் சற்றே தயங்கி நிற்பதைப் போல நாமும் நிற்கிறோம். ஊர் அப்படியே இருக்குமா என்பது ஓர் அச்சம். அப்படியே இருந்தும் நம் கண்ணுக்குச் சிறுத்துத் தோன்றிவிடுமோ என்பது அதனினும் பெரிய அச்சம்.

சென்ற கோடையில் இத்தயக்கம் எனக்கு ஒரு கேள்வியின் வடிவில் வந்து சேர்ந்தது. என் அண்ணன் மறைந்து ஓராண்டு கடந்த நிலையில், அவர் குடியிருந்த வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே மூன்று வீடியோ கேசட்டுகள் இருந்தன. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் முதல் மூன்று படங்கள். 1990களின் நடுவில் வெளிநாட்டில் பணிபுரிந்தபோது அண்ணன் வாங்கி வந்தவை.

"சித்தப்பா, இவற்றை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா? எல்லாப் படங்களும் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. வேண்டுமானால் விடுமுறையில் ஒன்பதையும் வரிசையாகப் பார்த்துவிடுவோம்" என்றாள் அவள்.

ஒன்பது படங்களும் சேர்ந்து ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். நேரம் எனக்குப் பொருட்டன்று. அண்ணனும் நானும் அருகருகே அமர்ந்து வியந்த ஒன்றை, அவர் இல்லாத வீட்டில் மீண்டும் காண்பது நினைவைக் காக்குமா, குலைக்குமா என்பதே என் ஐயம். விடை தேடப் புகுந்தபோது, கேள்வி தோற்றத்தில் உள்ள அளவுக்கு எளியதன்று என்பது புலனாயிற்று. எதை மீண்டும் காண்பது, எதற்கு விடை கொடுப்பது என்று முதலில் பிரித்தறிய வேண்டியிருந்தது.

இரண்டு கதிரவன்கள்

ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்காவில் ஐம்பதுக்கும் குறைவான அரங்குகளில் வெளியாயிற்று. சில மாதங்களுக்குள் உலகெங்கும் பரவியது. இசை, படத்தொகுப்பு, கலை இயக்கம் முதலியவற்றுக்காக ஆறு ஆஸ்கர் விருதுகளையும், ஒலியமைப்பாளர் பென் பர்ட்டுக்கு ஒரு சிறப்பு விருதையும் பெற்றது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'மறைந்த கோட்டை' என்ற 1958ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து, பெருங்கதையை இரண்டு எளிய பாத்திரங்களின் பார்வையில் தொடங்கும் உத்தியை லூகாஸ் கற்றுக்கொண்டார். குரோசாவாவின் குடியானவர் இருவர் இங்கே இயந்திர மனிதர் இருவராயினர்.

இப்படத்தின் சிறப்பு அதன் போர்க்காட்சிகளில் இல்லை என்பது என் துணிபு. அதற்கு முன்பு திரையில் எதிர்காலம் என்றால் பளபளப்பும் வெண்மையுமே பெரும்பாலும் கண்முன் நின்றன. லூகாஸ் காட்டிய உலகமோ பழகித் தேய்ந்த உலகம். இயந்திர மனிதர்மேல் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. விண்கலம் அவசர நேரத்தில் கிளம்ப மறுக்கிறது. மனிதர் வாழ்ந்த தடம் எங்கும் தெரிகிறது. அதனால்தான் காணாத அக்கோள்களை நாம் நம்பினோம்.

படத்தின் உயிர்நிலையான காட்சி ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. பாலைநிலக் கோள் ஒன்றில் மாமனிடம் வளரும் லூக் ஸ்கைவாக்கர் வெளியுலகம் செல்லத் துடிக்கிறான். இன்னும் ஒரு பருவம் பொறுத்திரு என்கிறார் மாமன். இளைஞன் உணவு மேசையை விட்டு எழுந்து வெளியே வருகிறான். தொடுவானில் இரண்டு கதிரவன்கள் மறைகின்றன. உரையாடல் இல்லை. ஜான் வில்லியம்ஸின் இசை மட்டும் மெல்ல உயர்கிறது. அக்காட்சியில் உள்ள அறிவியல் புனைவு, கதிரவன் ஒன்றுக்குப் பதில் இரண்டு என்பது மட்டுமே. மற்றவை யாவும் எந்தச் சிற்றூர் இளைஞனும் அறிந்த ஏக்கம். 1980களில் வாடகைக்கு எடுத்த கேசட்டில் அண்ணனும் நானும் அதைக் கண்டபோது, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு அவர் காத்திருந்த காலம். அவர் எதுவும் சொல்லவில்லை. கேசட்டைப் பின்னோக்கி ஓடவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டார்.

இரண்டாம் படம் 1980இல் இர்வின் கெர்ஷ்னரின் இயக்கத்திலும், மூன்றாம் படம் 1983இல் ரிச்சர்ட் மார்க்வாண்டின் இயக்கத்திலும் வந்தன. கருங்கவசமும் முகமூடியும் அணிந்த கொடியவன் டார்த் வேடரே லூக்கின் தந்தை என்பது இரண்டாம் படத்தில் வெளிப்படுகிறது. மூன்றாம் படத்தின் இறுதியில் மகன் தந்தையைக் கொல்ல மறுத்துத் தன் ஒளிவாளை வீசி எறிகிறான். சினந்த பேரரசன் அவனைச் சிறுகச் சிறுக வதைக்கிறான். பார்த்து நிற்கும் தந்தை, இறுதியில் பேரரசனைத் தூக்கி ஆழ்குழியில் எறிந்து மகனைக் காக்கிறான். அச்செயலுக்கு விலையாகத் தன் உயிரைக் கொடுக்கிறான். மகன் முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே இருப்பது வெளிறிய, தழும்பேறிய, வயது முதிர்ந்த ஒரு மனிதரின் முகம். அன்றிரவு மகன் தந்தையின் கவசத்தைச் சிதையில் வைத்து எரிக்கிறான்.

ஓர் ஏக்கத்தில் தொடங்கிய கதை ஒரு மன்னிப்பில் நிறைவுறுகிறது. நாங்கள் நேசித்தது இந்த முழுமையைத்தான்.

மாற்றப்பட்ட மூலம்

மீண்டும் காண விரும்புகிறவனுக்கு எதிர்ப்படும் முதல் தடை விந்தையானது. அவன் கண்ட படம் அங்கே இல்லை.

1997ஆம் ஆண்டு லூகாஸ் மூன்று படங்களையும் கணிப்பொறியின் துணையுடன் திருத்தி, சிறப்புப் பதிப்பாக வெளியிட்டார். புதிய விலங்குகளும் கட்டடங்களும் காட்சிக்குள் நுழைந்தன. இவை கண்ணை உறுத்துமேயன்றிக் கதையைத் தொடுவதில்லை. வேறு சில மாற்றங்கள் பாத்திரங்களின் அறத்தையே தொட்டன. தன்னைப் பிடிக்க வந்தவனை மேசைக்கடியில் துப்பாக்கி வைத்துச் சுட்டு வீழ்த்தும் கடத்தல்காரன் ஹான் சோலோ, சிறப்புப் பதிப்பில் எதிரி முதலில் சுட்ட பிறகே சுடுகிறான். 2004இலும் 2019இலும் அக்காட்சி மறுபடி மாற்றப்பட்டது. தன்னலமே உருவான ஒருவன் நண்பர்களுக்காகத் திரும்பி வரும்போதுதான் அவனது மனமாற்றத்துக்கு மதிப்பு. தொடக்கத்திலேயே அவனைக் குற்றமற்றவனாக்கிவிட்டால், மாறுவதற்கு அவனிடம் என்ன மிஞ்சும்?

இதனினும் வருத்தம் தருவது 2011ஆம் ஆண்டுப் புளூ-ரே பதிப்பில் நேர்ந்த மாற்றம். பழைய வடிவத்தில், மகன் வதைபடும்போது வேடர் பேசுவதில்லை. முகமூடி மகனை நோக்குகிறது, பேரரசனை நோக்குகிறது, மீண்டும் மகனை நோக்குகிறது. முகமூடிக்கு உணர்ச்சி காட்டத் தெரியாது. உள்ளே நடக்கும் போராட்டத்தை நாம்தான் ஊகித்து உணர வேண்டும். திரைக்கலையின் அரிய மௌனங்களுள் ஒன்று அது. புதிய பதிப்பில் அந்த இடத்தில் வேடர் வாய்விட்டு மறுப்புக் குரல் எழுப்புகிறான். பார்ப்பவனின் நெஞ்சுக்குள் நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்று, ஒலிபெருக்கிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இன்னொரு மாற்றமும் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

தன் படைப்பைத் திருத்தும் உரிமை படைப்பாளிக்கு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கவிஞர்கள் தம் பாக்களைத் திருத்தியே பதிப்பித்தனர். ஆயின் திருத்திய பாடத்தோடு பழைய பாடமும் நூலகத்தில் கிடைக்கும். இங்கோ பழைய வடிவம் விற்பனையிலிருந்தே விலக்கப்பட்டது. 2006இல் தரம் குன்றிய நிலையில் இணைப்புத் தகடாக ஒருமுறை வந்ததோடு சரி. மேலும், மூன்றாம் படத்தின் இயக்குநரான மார்க்வாண்ட் 1987இலேயே காலமாகிவிட்டார். அவர் ஆக்கிய காட்சிகள் மாறியபோது கருத்துரைக்க அவர் இல்லை. பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசும் வழக்கத்தை எதிர்த்து, மூலப் படைப்புகளைக் காக்க வேண்டுமென 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடியவர்களுள் லூகாஸும் ஒருவர் என்பது இங்கு எண்ணத்தக்கது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1989இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 25 படங்களில் 'ஸ்டார் வார்ஸும்' ஒன்று.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் பிரித்தானியத் திரைப்படக் கழகம் 1977ஆம் ஆண்டு வடிவத்தின் பழைய படச்சுருள் ஒன்றைத் திரையிட்டது. அது உலகச் செய்தியாயிற்று. ஐம்பதாம் ஆண்டையொட்டி அவ்வடிவத்தை 2027இல் அரங்குகளில் மீண்டும் வெளியிடப்போவதாகவும் அதே ஆண்டில் அறிவிப்பு வந்தது. உலகம் முழுதும் பார்த்த ஒரு படத்தின் மூல வடிவம் காணக் கிடைப்பதே செய்தியாகும் நிலையை என்னென்பது! 1995இல் வந்த கேசட்டுகள் அமெரிக்காவில், பழைய வடிவம் கிடைப்பது இதுவே கடைசி முறை என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்டன. எங்கள் வீட்டு அட்டைப்பெட்டியின் மதிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

முடிய மறுக்கும் கதை

இரண்டாம் தடை, கதை முடியாமல் நீளுவது.

1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் முன்கதைப் படங்கள் மூன்று வந்தன. தந்தை எவ்வாறு வீழ்ந்தான் என்பதை அவை சொல்லின. மூன்றாவதன் இறுதியில் கைக்குழந்தை லூக்கை ஏந்திய வளர்ப்புப் பெற்றோர் இரட்டைக் கதிரவன்களை நோக்கி நிற்கின்றனர். அக்காட்சி நம்மைத் தொடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது தரும் நெகிழ்ச்சி 1977ஆம் ஆண்டுக் காட்சியிடம் வாங்கிய கடன்.

2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸின் நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கியது. 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் தொடர்கதைப் படங்கள் மூன்று வெளியாயின. இவற்றுள் கடைசிப் படத்தில், 1983இல் தந்தை தன் உயிரைக் கொடுத்து வீழ்த்திய பேரரசன் உயிருடன் திரும்பி வருகிறான். எப்படி வந்தான் என்பதற்குப் படம் பொருத்தமான விளக்கம்கூடத் தரவில்லை. விளக்கம் இல்லாததை மன்னித்துவிடலாம். அத்தந்தையின் தியாகத்துக்கு இனி என்ன பொருள் என்ற கேள்வியை எளிதில் கடக்க முடியாது. ஒரு மனிதன் தன் வாழ்நாள் தீமையனைத்துக்கும் ஈடாகச் செய்த ஒரே நற்செயல், அடுத்த படத்துக்கு எதிரி தேவைப்பட்டது என்பதற்காக அழிக்கப்பட்டுவிட்டது. முடிவை மதிக்காத கதை, முடிவுக்காகப் பாடுபட்ட பாத்திரத்தையும் மதிப்பதில்லை.

மறைந்த நடிகர்களுக்கும் ஓய்வில்லை. 1994இல் காலமான பீட்டர் குஷிங்கின் முகம் 2016ஆம் ஆண்டுப் படமொன்றில் கணிப்பொறியால் உருவாக்கப்பட்டு நடமாடியது. 2016 டிசம்பரில் மறைந்த கேரி ஃபிஷர், முன்பு எடுத்துப் பயன்படுத்தாத காட்சிகளின் வாயிலாக 2019ஆம் ஆண்டுப் படத்தில் தோன்றினார். இவை அன்பினால் செய்யப்பட்டவை என்றே கொள்வோம். ஆயினும் இறந்தோரைப் போகவிடாத அன்பு முழுமையான அன்பாகுமா என்று கேட்காமலிருக்க முடியவில்லை. கேட்கும்போதே என்னையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே காட்சி, வேறு கண்கள்

இவ்வளவும் சொன்னபின், வரிசை முழுவதையும் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நடுநிலை தவறக்கூடாது. ரியன் ஜான்சன் இயக்கிய 2017ஆம் ஆண்டுப் படம் இரசிகரைப் பெரிதும் பிளவுபடுத்தியது. அதை ஏற்காதோர் பலர். நம் கேள்விக்கு நேர்முகமாக விடை தேடிய படம் அது ஒன்றே என்பது என் கருத்து.

அதில் லூக் முதியவர். தம் தோல்வியால் மனமுடைந்து தனித் தீவொன்றில் வாழ்கிறார். அக்காட்சிகள் அயர்லாந்தின் தென்மேற்குக் கடலிலுள்ள ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் எடுக்கப்பட்டன. பண்டைத் துறவியர் கல்லடுக்கிக் குடில் அமைத்துத் தவமியற்றிய பாறைத்தீவு அது. உலகத்துக்கு மீண்டும் வரமாட்டேன் என்று உறுதியாயிருக்கும் லூக்கின் முன், அவருடைய பழைய இயந்திரத் தோழன் ஒரு படத்தைத் திரையிடுகிறது. 1977இல் அவர் முதன்முதலாகக் கண்ட, உதவி கோரும் இளவரசியின் அதே ஒளியுருவம். முதியவரின் முகம் இளகுகிறது. இளம்பெண் ஒருத்திக்குக் கற்பிக்க அவர் இசைகிறார்.

மீண்டும் காண்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? பழைய படம் அவரை இளமைக்கு அழைத்துச் செல்லவில்லை. இன்று செய்ய வேண்டிய கடமைக்கே அழைத்தது.

விடை கொடுப்பதைப் பற்றியும் அப்படம் பேசுகிறது. பழைய நூல்கள் வைக்கப்பட்ட மரத்தைக் குருவின் ஆவி இடிமின்னலால் எரித்துவிடுகிறது. எல்லாம் அழிந்தது என்றே எண்ணுகிறோம். இறுதியில் அந்நூல்கள் இளம்பெண்ணின் விண்கலத்துப் பேழைக்குள் பத்திரமாக இருப்பதைக் காண்கிறோம். எரிந்தது கூடு. நூல்கள் வேண்டியவர் கைக்குப் போய்விட்டன.

படத்தின் முடிவில் லூக் தம் இறுதி ஆற்றலையும் பிறருக்காகச் செலவிட்டு, அத்தீவுப் பாறையில் அமர்ந்து தொடுவானை நோக்குகிறார். அங்கும் இரண்டு கதிரவன்கள் மறைகின்றன. அதே இசை எழுகிறது. புறப்பட ஏங்கிய இளைஞன் கண்ட காட்சியையே, புறப்படும் முதியவர் காண்கிறார். நாற்பது ஆண்டு இடைவெளி அந்த ஒரு பார்வையில் அடங்கிவிடுகிறது. 2019ஆம் ஆண்டுப் படமும் இரட்டைக் கதிரவன்களோடுதான் முடிகிறது. ஆனால் அங்கே நிற்கும் பெண் அக்கோளில் வளர்ந்தவளல்லள், அம்மண்ணில் ஏங்கியவளுமல்லள். நமக்கு அக்காட்சி பிடிக்கும் என்பதே அது அங்கு இடம்பெறக் காரணம். 2017இல் நினைவுகூரலாக இருந்தது, இரண்டே ஆண்டில் வெறும் மேற்கோளாகிவிட்டது.

தொடரின் பிற்காலப் படைப்புகள் யாவும் வீண் என்பதும் பிழை. 2022இலும் 2025இலும் வந்த 'ஆண்டோர்' என்னும் 24 பகுதித் தொடர், புகழ்பெற்ற முகங்களைப் பெரிதும் நம்பாமல், அடக்குமுறையின் கீழ் எளிய மனிதர் எவ்வாறு துணிவு பெறுகின்றனர் என்பதைப் பொறுமையோடு சொல்லிற்று. தனக்கென ஒரு முடிவை ஏற்று அங்கேயே நின்றது.

ஆகவே என் அளவுகோல் இதுதான். நம்மை முதுமையடைய விடும் படைப்புக்குத் திரும்பிச் செல்லலாம். நம்மை என்றும் பத்து வயதிலேயே நிறுத்திவைக்க முயலும் வரிசைக்கு நன்றி கூறி விடை கொடுத்துவிடலாம்.

பெட்டியில் இருந்த விடை

பழைய வீடியோ கருவியைச் செப்பனிடுபவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரமாயிற்று. முதல் இரு கேசட்டுகளிலும் நாடா முழுதும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஓட்டினால் கருவியும் கெட்டுவிடும் என்றார். மூன்றாவது மட்டும் ஓடியது. நிறம் மங்கியிருந்தது. திரையின் அடியில் கோடுகள் நடுங்கின. ஆயினும் வேடர் மௌனமாகவே நின்றார். மௌனமாகவே முடிவெடுத்தார்.

இறுதிக் காட்சியில், சிதை எரிந்தபின், லூக் இருளில் மூவரின் ஆவியுருவங்களைக் காண்கிறான். குருமார் இருவர், மூன்றாமவர் தந்தை. 1983ஆம் ஆண்டு வடிவத்தில் அத்தந்தை, முகமூடியைக் கழற்றியபோது நாம் கண்ட அதே முதியவர். அம்முகத்துக்கு உரியவரான ஆங்கிலேய நடிகர் செபாஸ்டியன் ஷா 1994இல் காலமானார். 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரை அக்காட்சியிலிருந்து நீக்கிவிட்டு, முன்கதைப் படங்களில் தந்தையாக நடித்த இளைஞர் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்துவிட்டனர். பாவத்தில் விழுமுன் இருந்த நல்லவனாகவே அவன் திரும்பினான் என்பது அதன் உட்கருத்தாக இருக்கலாம்.

அண்ணன் மகள் தன் கைப்பேசியில் அந்தப் புதிய வடிவத்தையும் போட்டுப் பார்த்தாள்.

"இது யார், சித்தப்பா?"

"அதே தந்தைதான். இளமையில் இருந்த தோற்றம்."

"லூக் இந்த முகத்தைப் பார்த்ததே இல்லையே!"

நான் பல பத்திகளில் சொல்ல எண்ணியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். மகன் மன்னித்தது அந்த முதியவரை. தழும்போடும் சுருக்கத்தோடும் தன் கைகளில் கிடந்த மனிதரை. அவ்வாண்டுகளை அழித்துவிட்டு, நிகழாததுபோல் இளமையை மீட்டுத் தருவது மன்னிப்பைப் பெரிதாக்குவதில்லை. மன்னிக்க எதுவும் இருந்ததில்லை என்றாக்கிவிடுகிறது.

சற்று நேரம் கழித்து அவளே பேசினாள். "அப்பாவை நினைத்தால் எனக்குக் கல்யாண ஃபோட்டோவில் இருக்கிற அப்பா நினைவுக்கு வருவதில்லை, சித்தப்பா. கடைசி ஆறு மாதம் கட்டிலில் இருந்த அப்பாதான் வருகிறார். முதலில் அது கஷ்டமாக இருந்தது. இப்போது அவர்தான் வேண்டும் என்று தோன்றுகிறது."

நான் மறுமொழி எதுவும் சொல்லவில்லை. என் நினைவில் இருந்தவரோ, கேசட்டைப் பின்னோக்கி ஓட்டிய இளைஞர். அவரை மட்டுமே பிடித்துவைத்துக்கொண்டு, அவள் ஆறு மாதம் பேணிக் காத்த மனிதரை நான் சரியாகப் பார்க்கவே இல்லையோ என்று அப்போதுதான் தோன்றிற்று.

ஒன்பது படங்களையும் வரிசையாகப் பார்ப்பதைப் பற்றி அதன்பின் நாங்கள் பேசவில்லை. வீட்டை ஒப்படைத்த அன்று, ஓடக்கூடிய ஒன்றையும் ஓடாத இரண்டையும் அவள் அதே அட்டைப்பெட்டியில் வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.